இடக்கை முடிச்சு

இன்றைக்கு இது நான்காவது முறை.
ஒரு கையில் சிவப்பு டப்பா, மறுகையில் தூரிகை,
நாடா என் பின்னால்
எலிவால் மாதிரி சரளையில் இழுபடுகிறது.
"ராடோ, மறுபடியும்" என்கிறாள் வோய்கா
திரும்பிப் பார்க்காமலே.
நுனிக்குப்பி கல்லில் தட்டும் சத்தம்
அவளுக்கு என் இருமலைப் போலப் பழக்கம்.

டோல்மினுக்கு மேலே, கிர்ன் மலைக்கு ஏறும் பாதையில்
வருடத்தில் இரண்டு சனிக்கிழமை இதுதான் எங்கள் வேலை.
பாறையில் ஒரு சிவப்பு வளையம்,
நடுவில் வெள்ளைப் பொட்டு.
வளையம் நான், பொட்டு அவள்.
மூடுபனியில் வருகிறவன்
ஒரு பொட்டருகே நின்று அடுத்ததைத் தேடிக்கொள்வான்.
சம்பளம் கிடையாது. குடிலில் சூப் உண்டு.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று.
இரட்டை முடிச்சு போட்டேன்;
அன்றிரவு முட்கரண்டியால் நெம்பித்தான் ஷூவைக் கழற்ற முடிந்தது.
உருண்டை நாடாவை எறிந்துவிட்டுப் பட்டை நாடா.
எச்சில். மெழுகு.
கணுக்காலைச் சுற்றி வரிந்து கட்டியதில்
கால் மரத்ததுதான் மிச்சம்.
வாரம் முழுக்க பஸ் ஓட்டுகிறேன்,
கிளட்ச்சை ஆயிரம் தடவை மிதிக்கிறேன்,
அப்போதெல்லாம் சாதுவாக இருக்கும்.
மலை என்றால் மட்டும்
ஒவ்வொரு அடியும் முடிச்சைத் தட்டித் தட்டி இளக்க,
வீசும் கால் நுனிகளை வெளியே இழுக்க,
யாரும் தொடாமலே
அவிழ்ந்துவிடும்.

பூவும் அப்படித்தான் அவிழ்கிறது,
அதற்காக யாரும் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிவதில்லை.

இரும்புக்கயிறு பதித்த அந்த விளிம்பில்,
கீழே சோச்சா நதி பச்சை நூலாகக் கிடக்க,
இடது காலை ஒரு கல்மேல் வைத்து
முதல் பின்னலைப் போட்டு இறுக்கினேன்.
டப்பா நகர்ந்தது.
பாய்ந்து பிடித்தேன்; இரண்டு கையும் சிவப்பு.
"ஆடாதே" என்று குனிந்தாள் வோய்கா.
பாதியில் நின்றதை அவள் முடித்தாள்,
இடக்கைக்காரி,
பல்லில் தூரிகையைக் கடித்தபடி.

அதன்பிறகு சரளைச் சரிவு.
அதன்பிறகு மழை.
பழைய போரின் முள்கம்பி துருத்தி நிற்கும் புல்வெளி,
இரண்டு முறை தாண்டினோம், ஒருமுறை நான் விழுந்தேன்.
வலது கால் வழக்கம்போல் அவிழ்ந்தது.
இடது கால்,
என்னவோ தெரியவில்லை,
கேட்கவே இல்லை.

குடிலில் சூப் ஆறுவதற்குள் இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன்.
நான் கட்டியதில் காதுகள் விரலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே
நெடுக்காகத் திரும்பிக் கிடந்தன.
அவள் கட்டியதில் குறுக்காக,
ஆட்டுக்குட்டியின் காதுகள் போல, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று.
வோய்கா ரொட்டியை மென்றபடி சொன்னாள்:
"முதல் சுற்றை எந்தப் பக்கம் போடுகிறாயோ
கண்ணியையும் அதே பக்கம் போடுகிறாய்.
ஒன்றை மாற்றிப் போடு."
அவ்வளவுதான்.
ஐம்பத்திரண்டு வயது.
செய்ததையே இரண்டாம் தடவையும் செய்து,
இன்னும் இறுக்கி,
நாடாவைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேசைக்கடியில் வலது காலில் பழகினேன்.
விரல்கள் சண்டைக்கு வந்தன.
முதல் சுற்றைத் திருப்பிப் போடச் சொன்னால்
கண்ணியும் கூடவே திரும்பிக்கொள்கிறது,
மாட்டுவண்டியில் பூட்டியதுபோல.
ஏழாவது தடவை குறுக்காக விழுந்தது.
குடில்காரர் மிலான்கோ கைதட்டினார்,
எதற்கென்று தெரியாமலே.

பதினொரு வருடமாக ஒரே டப்பாவைத் தூக்குகிறோம்.
அவள் பால்பண்ணையில் என்ன வேலை பார்க்கிறாள் என்று
இன்றைக்குத்தான் கேட்டேன்.
பாலாடைக்கட்டிகளைத் திருப்பி வைக்கிறாளாம்.
ஒவ்வொரு நாளும், ஒவ்வொன்றையும்,
மறுபக்கமாக.

வீட்டுக்கு வந்து வலது ஷூவை ஒழுங்காக அவிழ்த்தேன்.
இடது ஷூவை அவிழ்க்காமல்
குதிகாலை மிதித்து உருவினேன்.
ஷூவுக்குக் கெடுதல், தெரியும்.
கதவோரம் நிற்கிறது,
நாடாவில் யாருடையதென்று சொல்லமுடியாத ஒரு பெருவிரல் சிவப்போடு.